மணலும் ஒரு துறைமுகம்தான்

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருந்தாலும் அவற்றின் பிழைப்பு கடலை நம்பியது. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்ததற்கும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டதற்கும், சென்னைத் துறைமுகம் லாரி எட்டும் தூரத்தில் இருந்தது முக்கியமான காரணம்; எண்ணூர்த் துறைமுகம் பிறகு சேர்ந்துகொண்டது. அந்த ஆலைகளின் கார்களை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குப் புயல் நாளில் ஒரு வழக்கம் உண்டு. துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண் கூடக்கூட, தளத்தில் நிற்கும் கப்பல்களை ஆழ்கடலுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். பெரிய கப்பலுக்கு ஆபத்து அலையில் இல்லை, கரையில் இருக்கிறது. அதே நாளில், சில கிலோமீட்டர் தெற்கே, நொச்சிக்குப்பத்துப் பைபர் படகுகள் நேர் எதிர்த் திசையில் போகின்றன; அவற்றை அலை எட்டாத மணல்மேட்டுக்கு இழுத்து ஏற்றுகிறார்கள். இந்த இரண்டு வழியும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்வது காசிமேட்டு விசைப்படகு. ஆழ்கடலில் புயலைத் தாங்கும் உடம்பு அதற்கு இல்லை. மணலில் ஏற்றவோ அது கனம். ஒரு படகு புயலில் தப்புமா என்பதைக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் வானிலை அறிவிப்பின் துல்லியத்தைவிட அதிகமாகத் தீர்மானித்தது, அது ஏறி நிற்க எவ்வளவு கரை மிச்சமிருக்கிறது என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கரை குறைந்ததற்குக் கடலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கப்பலுக்கு அடைக்கலம் கட்டிய அதே வேலைதான் படகின் அடைக்கலத்தைத் தின்றது.

துறைமுகம் வருவதற்கு முந்தைய சென்னையில் நிலைமை தலைகீழாக இருந்தது. அன்று புயலுக்கு அஞ்சியது கப்பல். கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படையை, வெற்றி பெற்ற சில வாரங்களிலேயே, 1746 அக்டோபரில் சென்னைக் கடலில் புயல் சிதைத்தது. 1,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களுக்கும் அதே கதி. சில நின்ற இடத்திலேயே மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன. இத்தகைய அடிகளில் பாடம் கற்றுத்தான் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை சென்னைக் கடலில் நிற்பது கப்பலுக்கு ஆகாது என்ற விதி உருவானது. கோட்டையின் கொடி இறங்கினால் கப்பல்கள் கிளம்பிவிட வேண்டும். வாடைக்காற்றுக் காலம் முழுவதையும் தவிர்ப்பதே அன்றைய புயல் தயாரிப்பு. அப்படியும் கடல் கணக்குத் தப்பும். 1872-ல் மே மாதத் தொடக்கத்திலேயே வந்த புயல், பருவம் அல்ல என்று நம்பி நின்றிருந்த கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கரையில் தூக்கி எறிந்தது.

அதே கடற்கரையில் கட்டுமரக்காரருக்கு இந்தப் பிரச்சினை வேறு வடிவில் இருந்தது. கட்டுமரம் சில மரத்துண்டுகளும் அவற்றைப் பிணைக்கும் கயிறும்தான். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவார்கள். நீர் ஊறிய மரம் கனத்துவிடும் என்பதால் அது தினசரி வேலை. தினசரி வேலையே புயல் காப்பும் ஆனது. காற்று மாறுவது தெரிந்ததும் நாலு பேர் சேர்ந்து மரங்களைக் குடிசைக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டால், புயல் அடித்துக்கொண்டு போக அங்கே படகு என்று ஒன்று இருக்காது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலா படகும் இதே அறிவில் பிறந்தது. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியதால் அலை மோதும்போது அது வளைந்து கொடுத்தது. வேலை முடிந்ததும் அதையும் மணலில் ஏற்றி வைத்தார்கள். ஐரோப்பியப் பயணிகள் இந்தப் படகுகளைப் பழைமையின் மிச்சமாகப் பார்த்து வியந்து எழுதினார்கள். பழைமை என்பதைவிட, துறைமுகமே இல்லாத கரையில் மணலைத் துறைமுகமாகப் பயன்படுத்திய பொறியியல் என்று அதைச் சொல்வதே நியாயம். படகின் எடை, அதைத் தூக்கும் ஆட்களின் எண்ணிக்கை, மணலின் அகலம் மூன்றும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துப் பொருந்தியிருந்தன.

இந்தப் பொருத்தம் 1875-ல் குலையத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி கடலுக்குள் இரண்டு கற்சுவர்கள் நீட்டப்பட்டன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அச்சுவர்களின் பெரும்பகுதியை உடைத்தெறிந்தது, மறுபடி கட்டினார்கள். 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயில் மூடப்பட்டு வடகிழக்கில் புது வாயில் திறக்கப்பட்ட பிறகே சென்னை ஒரு நம்பகமான துறைமுகமானது. இந்த வரலாற்றைப் பொறியாளர்களின் வெற்றியாகவே வழக்கமாகச் சொல்கிறோம். அது பொய்யும் அல்ல. ஆனால் சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தென்சுவர் எழுந்ததும் மணல் அதன் தெற்கே குவிந்தது. வடக்கே போகவேண்டிய மணல் வரவில்லை. தெற்கே வளர்ந்த மணற்பரப்பின் ஓரத்தில்தான் 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. பிறகு அங்கே பாறாங்கல் கொட்டிச் சுவர் வைத்தார்கள். பாறாங்கல் சுவர் வீட்டைக் காக்கும், சாலையைக் காக்கும். கட்டுமரம் அதன்மேல் ஏற முடியாது. ஒரு துறைமுகம் நூற்றுக்கணக்கான கப்பல்களுக்குப் புகலிடம் தந்தபோது, அதன் வடக்கே இருந்த குப்பங்கள் தங்கள் புகலிடத்தை இழந்தன. இந்த இழப்பு எந்தத் துறைமுகக் கணக்கிலும் செலவாக ஏறவில்லை.

மணல் சேர்ந்த பக்கத்திலாவது படகுகளுக்கு உரிமை உறுதியானதா என்றால் அதுவும் இல்லை. 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற முயன்றார்கள். மீனவர்கள் எதிர்த்தபோது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, மீனவர்கள் உயிரிழந்தார்கள். நகரத்தின் கண்ணுக்கு அந்த மணல் உலாவுவதற்கான வெற்றிடம். மீனவருக்கு அது படகுத்துறை, வலை காயப்போடும் களம், மீன் ஏலம் விடும் சந்தை, புயல் வந்தால் பின்வாங்கும் இடம். கடைசியாகச் சொன்ன பயன் ஆண்டில் சில நாட்களுக்கே தேவைப்படுவதால் மற்ற நாட்களில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. கண்ணில் படாததை எடுத்துக்கொள்வது எளிது என்பதால்தான் இந்தப் பயனை நான் அழுத்திச் சொல்கிறேன்.

கரை சுருங்கிய அதே காலத்தில் படகு கனத்தது. 1950-களிலும் 60-களிலும் அரசின் ஊக்கத்தோடு விசைப்படகுகள் வந்தன. இறால் ஏற்றுமதி அவற்றைப் பெருக்கியது. தொடக்கத்தில் சிறிதாக இருந்த அவற்றின் நீளம் 60 அடியைத் தாண்டியது. இவற்றுக்கென 1984-ல் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் திறந்தார்கள். கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று தேடியவர்களும் இருந்தார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மோட்டார் பொருத்திய பிறகும் அலையைத் தாண்டி மணலில் ஏறக்கூடிய படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. நார்வேயின் படகு வடிவமைப்பாளர் கல்பிரான்ட்சென் போன்றவர்கள் அதில் உழைத்தார்கள். படகின் அடிப்பாகம், மணலில் உரசாமல் மேலே மடங்கும் சுழலி, கரைக்கு இழுக்கும் உருளை என்று அவர்கள் கவனித்த ஒவ்வொன்றும் கட்டுமரம் தன் எளிமையால் தீர்த்துவைத்திருந்த சிக்கலை எஞ்சின் காலத்தில் மறுபடி தீர்க்கும் முயற்சி. இந்தக் கரைக்கு உண்மையாகத் தேவைப்பட்ட ஆராய்ச்சி அது என்பேன். ஆனால் கரையில் பரவி வென்றது பைபர் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே அது ஏராளமாக வந்து சேர்ந்தது. கட்டுமரம் அநேகமாக மறைந்தது. பைபர் படகை ஏற்றுவதற்கு ஆட்கள் நிறைய வேண்டும், இல்லையென்றால் டிராக்டர் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் குப்பங்களில் டிராக்டரையும் கிரேனையும் வாடகைக்குப் பிடிக்க அலைவது இப்போது வழக்கமாகிவிட்டது. எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் இடையே கிடைக்கும் இரண்டொரு நாளில், ஊர் முழுவதும் ஒரே வண்டிக்குக் காத்திருக்கிறது.

துறைமுகத்துக்குள் கட்டிய விசைப்படகுக்குப் புயல் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அடைபட்ட நீரில், திட்டமிட்டதைவிட அதிகமான படகுகள் விலாவோடு விலா உரசி நிற்கின்றன. காற்று திரும்பும்போது வடம் அறுந்த ஒரு படகு பக்கத்துப் படகை இடிக்கிறது. அது அதற்கடுத்ததை இடிக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா, 2022 டிசம்பரில் மாண்டஸ் இரண்டிலும் காசிமேட்டில் படகுகள் சேதமானது பெரும்பாலும் இப்படித்தான். அலைகள் நேராக வந்து உடைத்தவை குறைவு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது தஞ்சைக் கடற்கரையில் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் துறைகளில் நின்றிருந்த விசைப்படகுகளில் பெரும்பாலானவை உடைந்தும் மூழ்கியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடந்தன. கஜாவின் அறிவிப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. 80,000-க்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துப் போனார்கள். மனிதர்களைக் கொண்டுபோக முகாம் இருந்தது. படகைக் கொண்டுபோக இடம் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். முன்னறிவிப்பை நான் குறைத்துப் பேசுகிறேனோ? 2017 நவம்பர் இறுதியில் ஓகி வந்தபோது தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் பயணமாகக் கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை தாமதமாக வந்தது. வந்ததும் அவர்களை எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை. அவர்களுக்குக் கரையின் அகலம் எந்த வகையிலும் உதவியிருக்காது. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். உயிர் விஷயத்தில் அறிவிப்பு முதன்மையானது. இந்திய வானிலைத் துறை 1875-ல் தொடங்கியதிலிருந்து செய்த வேலைகளில் இதைவிடப் பெரியது இல்லை. ஆனால் அறிவிப்பு செம்மையாகச் செம்மையாக எஞ்சும் இழப்பு எது என்று கேட்டால், விடை படகு, எஞ்சின், வலை. படகு போன குடும்பத்துக்குக் கடன் மிஞ்சுகிறது. சிறு படகுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்பீடு கிடையாது. நிவாரணத் தொகை புதுப் படகின் விலையை எட்டுவதில்லை. படகைக் காக்க வழி இல்லை என்று தெரிந்தவர் கடைசி நேரம்வரை அதைவிட்டு நகர மாட்டார் என்பதையும் சேர்த்து எண்ணினால், படகின் அடைக்கலம் உயிரின் அடைக்கலமும்தான்.

கரையே கடலாகிவிடும் புயலில் மணல் என்ன செய்யும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் ஊரும் ரயிலும் சேர்ந்தே போயின. கஜாவிலும் புஷ்பவனம், ஆற்காட்டுத்துறை பகுதிகளில் கடல் சேற்றை வாரி வந்து கொட்டியது. கரையேற்றிய படகுகளும் தப்பவில்லை. உண்மைதான். ஆனால் தனுஷ்கோடி இரு கடலுக்கும் நடுவே நீண்ட மெல்லிய மணல் திட்டு. பின்வாங்க அங்கே நிலமே கிடையாது. அந்தத் தீவிலேயே பாம்பன் மீனவர்கள், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வடகடலிலிருந்து பாலத்தைத் தாண்டித் தென்கடலுக்குப் படகை மாற்றிக் காக்கும் முறையை வைத்திருக்கிறார்கள். இடம் இருந்தால் மீனவர் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் என்பதற்கு இது சாட்சி. பேரலைப் பெருக்கம் நேரே மோதும் சில கிலோமீட்டருக்கு வெளியே, புயலின் காற்றும் அலையும் மட்டும் எட்டும் நூறு கிலோமீட்டர் கரை இருக்கிறது. அந்த நூறு கிலோமீட்டரில் ஐம்பது அடி மேலே ஏற இடம் இருப்பதும் இல்லாததும்தான் படகின் தலையெழுத்து.

இதற்குத் தீர்வாக ஊர் ஊராகக் கேட்கப்படுவது தூண்டில் வளைவு. கடலுக்குள் கல் நீட்டி மணலைப் பிடித்து வைக்கும் அமைப்பு அது. கரை இழந்த ஊர் அதைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் ஓர் ஊரின் வளைவு பிடிக்கும் மணல், வடக்கே அடுத்த ஊருக்குப் போகவேண்டிய மணல். புதுச்சேரித் துறைமுகம் 1980-களின் இறுதியில் கட்டப்பட்ட பிறகு அதன் வடக்கே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை அரிப்பு படிப்படியாக ஏறியதை எல்லோரும் பார்த்தோம். சென்னைத் துறைமுகம் நூற்றைம்பது ஆண்டுக்கு முன் தொடங்கிய கணக்கை ஒவ்வொரு குப்பமும் தனித்தனியே தீர்க்க முயன்றால், கடன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுமே தவிர அடையாது. தென்சுவரில் தேங்கும் மணலைக் குழாய்மூலம் வடக்கே கடத்துவது போன்ற வழிகள் உலகில் பல துறைமுகங்களில் நடைமுறையில் உள்ளன. அவற்றின் செலவைத் துறைமுகமும் துறைமுகத்தால் பயன்பெறும் தொழில்களும் ஏற்க வேண்டும்.

பயன்பெறும் தொழில்கள் என்றால் அதில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளும் அடக்கம். ஆலைகளால் லட்சக்கணக்கானோர் பிழைக்கிறார்கள், படகுக்காரர் சிலருக்காக அவற்றின்மேல் சுமை ஏற்றலாமா என்று கேட்பார்கள். இதைச் சுமை என்று பார்ப்பதே சரியல்ல. 2015 டிசம்பரை நினைத்தால் அது விளங்கும். அன்று வந்தது புயல்கூட அல்ல, வடகிழக்குப் பருவமழையின் பெருமழை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் இறங்கியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. ஆலைகள் நின்றன. முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கிக் கோட்டூர்புரம் வரை வீடுகள் மூழ்கின. அப்போது கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்து மக்களை மீட்டார்கள். கடலைவிட்டு வெளியேறக்கூடிய படகு என்பதால்தான் அது தெருவுக்கு வர முடிந்தது. காசிமேட்டு விசைப்படகு ஒன்றுகூட முடிச்சூருக்கு வந்திருக்க முடியாது. மணலில் ஏற்றி வைக்கும் படகையும், அதை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த கைகளையும் இந்த வட்டாரம் அன்று தன் சொந்தத் தேவைக்கே பயன்படுத்திக்கொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்தது வேறு. வெள்ளத்தோடு மணலிப் பக்கத்துத் தொழிற்பேட்டையின் எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து, பாதுகாப்பென்று உள்ளே கட்டியிருந்த படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. திறந்த கரை இல்லாதவர்களுக்கு ஆற்று முகத்துவாரம் கடைசிப் புகலிடம். தொழிற்சாலைக் கழிவு அதையும் பறித்தது.

என்ன செய்யலாம் என்பது பெரிய மர்மம் அல்ல. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீனவக் கிராமங்களின் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. புயல் நாளில் படகு ஏறும் இடத்தையும் அதில் தனியாகக் குறிக்க வேண்டும்: இத்தனை படகு, இத்தனை நீளம், சாதாரண நாளின் அலைக்கோட்டிலிருந்து இவ்வளவு உயரம் என்று. அந்த இடத்துக்கு நிரந்தரமான இழுவை எந்திரமும் கான்கிரீட் சரிவும் ஊர்ப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்த பிறகு டிராக்டர் தேடும் நிலை மாற வேண்டும். மீன்பிடித் துறைமுகங்களில் படகுக்குப் படகு இடைவெளி விட்டுக் கட்டும் அளவு நீர்ப்பரப்பு இல்லையென்றால், புதுப் படகுக்குப் பதிவு தருவதற்கு முன்பே அதைச் சொல்ல வேண்டும். காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் அடுத்து நீட்டப்படும் ஒவ்வொரு அலைத்தடுப்புச் சுவருக்கும், அதன் வடக்கே எத்தனை படகுகளின் ஏறுகரை குறையும் என்ற கணக்கைச் சுற்றுச்சூழல் அறிக்கையிலேயே கேட்டு வாங்க வேண்டும். பார்க்ஸ் 1875-ல் மணலின் போக்கை அறியாமல் கட்டினார் என்று அவருக்காக ஒருவர் வாதாடலாம். மெரினா வளர்ந்ததையும் ராயபுரம் தேய்ந்ததையும் கண்ணால் பார்த்த பிறகு கட்டுகிறவர்களுக்கு அந்த வாதம் கிடையாது.